நாயைக் கட்டினால் எரியும் விளக்கு

ஏப்ரல் 3, வியாழன்

இன்று மிக்கின் அடக்கம். கூடவே என் மானத்தையும் அதே குழியில் போட்டு மூடியாயிற்று.

எங்கள் சோரல் முனை பைக் கிளப்பின் மூத்த ஆள் மிக். அதனால் எல்லோரும் பைக்கிலேயே போய்க் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் வரிசையாக நிறுத்தியிருந்தோம். ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம் என்றார் பாதிரியார். தலை குனிந்தோம். என் பைக்கின் ஹாரன் தானாக அலறியது.

சாதாரண ஹாரன் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு என் புருஷன் டெஸ் ஆசையாக மாட்டிக் கொடுத்த லாரி ஹாரன். ஓடிப் போய்ச் சாவியைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. சாவி இல்லாவிட்டாலும் அடிக்கட்டும் என்று நேரே பேட்டரியிலிருந்து இழுத்து வைத்திருக்கிறான் — பாதுகாப்புக்காம்! அதற்குள் அலாரம் விழித்துக்கொண்டது. அதில் ஒரு பெண் கறாரான குரலில், "வண்டியை விட்டு விலகி நில்லுங்கள், வண்டியை விட்டு விலகி நில்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பெட்டியைச் சுமந்து நின்றவர்களில் இரண்டு பேர் நிஜமாகவே விலகப் பார்த்தார்கள்.

அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தோண்டின குழியும் பக்கத்திலேயே இருந்தது.

மிக்கின் மனைவி ஃபேயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்து, "விடு ப்ரோன். பத்து வருஷமா அந்த மனுஷனுக்கு நான் கத்தினது ஒண்ணும் காதுல விழல. இன்னிக்காவது ஏதாவது விழுந்திருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டெஸ் சொன்னது: "ரிலே ஒட்டிக்கிச்சு போல. இன்னொரு ரிலே போட்டா சரியாப் போயிடும்."

இன்னொரு ரிலேயாம். கரண்டைத் திறந்து மூடும் அந்த டப்பா ஏற்கெனவே ஏழு இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

கோபம் ஆறவில்லை. காகிதத்தில் கொட்டுகிறேன்.

என் பைக் எழுபதுகளில் ஜப்பானில் பிறந்த கிழவி. வெட்டி, ஒட்டி, நீட்டி, தாழ்த்தி நானே ஆறு வருடம் பாடுபட்டுச் செய்தது. வயரிங் மட்டும் டெஸ். எலெக்ட்ரீஷியன் வீட்டில் இருக்கும்போது நான் ஏன் என்று விட்டேன். முதலில் ஒழுங்காகத்தான் செய்தான். பிறகு மீன் டப்பா தொழிற்சாலையை மூடினார்கள், அங்கே இருபது வருடம் பார்த்த மின்வேலை போயிற்று. மனுஷன் தொழிற்சாலையை என் பைக்குக்கு மாற்றிவிட்டான். பிறந்தநாளுக்குப் பனி விளக்கு. கல்யாண நாளுக்குச் சூடாகும் கைப்பிடி. அன்னையர் தினத்துக்கு — எங்களுக்குப் பிள்ளையே இல்லை — வழி சொல்லும் திரை. சோரல் முனையில் இருப்பதே ஒரு தெரு. அதில் எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்கு ஒரு திரை.

இத்தனைக்கும் தீனி போட அந்தக் கிழவியின் ஆல்டர்னேட்டரால் முடியுமா? ஓடினால் பேட்டரி இறங்குகிறது, நின்றால் இன்னும் இறங்குகிறது. அதனால்தான் மூன்று வருடமாக ரப்பர் கோழி என் வீட்டில் இருக்கிறது.

எங்கள் பெண்கள் அணி அக்டோபரில் போர்ட் லிங்கன் வரை ஒரு ஓட்டம் போகும். வழியில் யார் வண்டி படுக்கிறதோ அவள் அடுத்த வருடம் வரை அந்தக் கோழியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். தொடர்ந்து நாலு வருடம் வாங்கினால் கோழி நிரந்தரமாக அவளுக்கே. கிளப் சுவரில் பெயர்ப்பலகை வேறு அடிப்பார்களாம். போதாததற்கு இந்த வருடம் முன்னால் போகிறவளே நான்தான்.

டெஸ் கோழிக்குக் கண்ணில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறான். உதவியாக இருக்கட்டும் என்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கப் போகிறேன், ஹெட்லைட், பின்விளக்கு, பிரேக் லைட், ஒரு சின்ன ஹாரன், தீப்பொறி, இவ்வளவுதான் இருக்கும், வயரிங்கை நானே செய்வேன் என்று.

"நீயா?" என்றான்.

அந்த ஒரு வார்த்தை! முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினம் கங்காருவுக்கு நடுவே ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன் நான். என்னைப் பார்த்து நீயா?

பந்தயம் கட்டியாயிற்று. நான் உதவி கேட்டால், அவன் இஷ்டப்பட்ட ஒரு சாமானை மறுபடி மாட்டலாம், நான் ஆயுசுக்கும் கழற்றக் கூடாது. அவன் பைக்கைத் தொட்டாலோ, அதைப் பற்றி வாயைத் திறந்தாலோ, ஃபுட்பால் மைதானத்தில் எங்கள் பெண்கள் அணியின் லாமிங்டன் கேக் கடையில் என் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க விற்க வேண்டும்.

"ஒரு வாரம் தாங்க மாட்ட" என்றேன்.

"நீ ஒரு நாள் தாங்க மாட்ட" என்றான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

ஊரே சாக்லெட் முட்டை தேடிக்கொண்டிருந்தது. நான் ஷெட்டில் உட்கார்ந்து வயர் உருவிக்கொண்டிருந்தேன். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. பைக்கின் வயிற்றில் நூடுல்ஸ் கடை. எல்லாவற்றையும் மூட்டை கட்டி மீன் எடை போடும் தராசில் தொங்கவிட்டேன். டெஸ் பெருமையாக ஃபோட்டோ எடுத்து மாட்டியிருக்கிறானே அந்த ஸ்னாப்பர் மீன், அதைவிடக் கனம்.

அவன் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கை தானாக நீண்டுவிடும் என்று பயம், இரண்டு கையையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துவிட்டான். முட்டையில் உட்கார்ந்த கோழி மாதிரி.

கடைசியாக அந்தக் கறுப்பு வயர்கள். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனித்தனியாக ஒரு கறுப்பு வயர் பேட்டரி வரைக்கும் ஓடியது. எர்த்துக்காக, அதாவது கரண்டு திரும்பி வர. இது எதற்கு தண்டம்? பைக்கின் சட்டம் முழுக்க இரும்பு, அந்தக் காலத்தில் எல்லா பைக்குக்கும் சட்டமே எர்த். வெட்டி எறிந்தேன்.

டெஸ் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டான். ஏற்கெனவே போட்டிருந்தேன்.

மே 10, சனி

கழற்றிய சாமானெல்லாம் காணாமல் போகிறதே என்று பார்த்தால் — புல் வெட்டும் வண்டியில் இருக்கிறது! பனி விளக்கு இரண்டு, லாரி ஹாரன், வழி சொல்லும் திரை. தோட்டத்துக் கடைசி வரை போனதும் "முடிந்தால் திரும்பிச் செல்லவும்" என்கிறது. சூடான கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டெஸ் ராஜா மாதிரி வலம் வருகிறான். "பைக்கைத் தொடக் கூடாதுன்னுதான பேச்சு? இது பைக்கா?"

அலாரம்காரி கோழிக்கூண்டில். நரி வந்தால் விரட்டுவாளாம். இன்று முட்டை எடுக்கப் போன என்னை விரட்டினாள்.

ஜூன் 14, சனி

சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் போட்டு வாங்கி வந்தேன். கத்தரிக்காய் நிறம். கடைக்காரனிடம் கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு புள்ளி இரும்பு தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தேன். தெரியவில்லை. கடல் காற்று இனி என்ன செய்துவிடும் பார்க்கலாம். முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது, கொடுத்தேன்.

டெஸ் சட்டத்தையே வெகுநேரம் பார்த்தான். நகத்தால் சுரண்டப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது. பொறாமை.

ஜூலை 26, சனி

பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டுக் காந்தம் வைத்த புதுசு. பழைய ரெகுலேட்டர், ரெக்டிஃபையர் இரண்டு டப்பாவும் போய், அந்த வேலைக்கு ஒரே சின்னப் பெட்டி. ஒரே ஃபியூஸ். சின்ன பேட்டரி. மொத்தப் படத்தையும் மதியத்துக்கு இறைச்சி பேஸ்ட்ரி வாங்கின காகித உறையின் பின்பக்கம் வரைந்துவிட்டேன், சாஸ் கறைக்கும் இடம் மிச்சம் இருந்தது. நான் மேதை.

செப்டம்பர் 13, சனி

நான் மேதை இல்லை.

உதைத்ததும் இன்ஜின் எழுந்துவிட்டது. கத்தினேன், ஆடினேன், எங்கள் நாய் சாசேஜைத் தூக்கிச் சுற்றினேன். ஹெட்லைட்டைப் போட்டேன். மெழுகுவர்த்தி. பிரேக்கை மிதித்தேன். மெழுகுவர்த்தியும் போயிற்று. ஹாரனை அமுக்கினேன். வயிற்றுவலி வந்த கன்றுக்குட்டி முனகியது.

பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை. நான் பார்க்கப் பார்க்க இறங்கியது.

மூலையில் அவன். கை தொடைக்கடியில். முகம் என் சட்டத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் கூரையைப் பார்த்தான்.

கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிளட்ச் கேபிளில் புகை வருகிறது. கிளட்ச் கேபிளில்! அதற்கும் கரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? பைக்குக்குப் பேய் பிடித்திருக்கிறது. மிக்தான்.

செப்டம்பர் 20, சனி

புது ரெகுலேட்டர் வாங்கிப் போட்டேன். அதே. புது பல்பு. அதே. அழுதேன். அதுவும் அதே.

பெண்கள் அணியிலிருந்து ஷரின் வந்தாள். பளபளவென்று புது பைக், சாவியே கிடையாது, பையில் ஒரு பொத்தான் இருந்தால் போதுமாம். என் ஹெட்லைட்டுக்குள் குனிந்து பார்த்து, "அடியே, இதுல மின்மினிப்பூச்சி கட்டி விட்டிருக்கியா?" என்றாள். "பேசாம உன் புருஷன்கிட்டக் கேளேன்டி."

"அவன்கிட்டக் கேட்டா எனக்கு மறுபடி லாரி ஹாரன்தான்."

"கோழிக்கு என்ன பேர் வெக்கலாம்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோ."

அவள் போனதும் டெஸ் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு நின்றான். என்னைப் பார்த்தான், சட்டத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். இப்படியே மூன்று முறை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. "போய் புல்லை வெட்டு" என்றேன். போனான். வெட்டப் புல்லே இல்லை, ஆனாலும் வெட்டினான்.

பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பகலிலேயே பனி விளக்கைப் போட்டுக்கொண்டு வெறும் மண்ணில் சுற்றிச் சுற்றி வந்தான். தொழிற்சாலை மூடினதிலிருந்து இந்த ஊரில் ஒருத்தனும் அவனை ஒரு பல்பு மாட்டித் தரக்கூடக் கூப்பிடவில்லை. நானும் அவன் மாட்டினதையெல்லாம் பிடுங்கிவிட்டேன். எனக்கு வேண்டியது ஓடுகிற ஒரு பைக். அதற்காக அவனை எங்கே கழற்றி வைப்பது? தெரியவில்லை. தூங்குகிறேன்.

செப்டம்பர் 27, சனி

இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன்: நாயைக் கட்டினால் பைக் வேலை செய்கிறது.

காலையில் ஷெட்டுக்குப் போனால் சாசேஜைச் சங்கிலியில் பைக்கோடு கட்டியிருந்தது. சங்கிலியின் கொக்கி ஹேண்டில்பாரில், நடுவே இன்ஜின் மேல் உரசிக்கொண்டு கீழே இறங்கி, கடைசியில் சாசேஜ். கிடக்கட்டும் என்று உதைத்தேன். ஹெட்லைட் பளீர்! எதிர்ச் சுவரில் தொங்கின காலண்டரைப் படிக்கலாம். பிரேக் லைட் பளீர். ஹாரன் கீச்சென்று நல்லபடியாகக் கத்தியது. மீட்டர் — பதினாலு!

சத்தத்துக்குப் பயந்து சாசேஜ் படுத்துவிட்டது. சங்கிலி தளர்ந்தது. மெழுகுவர்த்தி.

தபால்காரர் வந்தார். சாசேஜ் பாய்ந்தது. சங்கிலி விறைத்தது. பளீர்!

தபால்காரர் போனார். மெழுகுவர்த்தி.

இரண்டு இறைச்சித் துண்டைக் காட்டி முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். நாய் இழுத்தால் பைக் சார்ஜ் ஆகிறது. நாய் படுத்தால் பைக்கும் படுக்கிறது. போர்ட் லிங்கன் வரை முன்னால் ஒரு தபால்காரரை ஓடவிட்டால் சமாளித்துவிடலாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ப்ரோன், நீ ஒரு மக்கு. பெரிய எழுத்தில் எழுத வேண்டும், பேனா பத்தாது.

காலையில் சாசேஜைத் துணிக்கயிற்றில் கட்டிப் பார்த்தேன். மெழுகுவர்த்தி. சங்கிலியில் நாயே இல்லாமல் கையால் இழுத்துப் பிடித்தேன். பளீர். அப்போ நாய் இல்லை. இரும்பு!

பேட்டரியின் எர்த் இன்ஜினில் இருக்கிறது. விளக்கு, ஹாரன், ரெகுலேட்டர் எல்லாம் சட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கரண்டு சட்டத்திலிருந்து இன்ஜினுக்குத் திரும்பி வர வேண்டும். நடுவே என்ன இருக்கிறது? ஒரு புள்ளி இரும்பு தெரியாமல் நானே காசு கொடுத்துப் பூசின கத்தரிக்காய் நிறப் பிளாஸ்டிக்! வழி இல்லாத கரண்டு பாவம் கிளட்ச் கேபிள் வழியாக முட்டி மோதி வந்திருக்கிறது. சங்கிலி கிடைத்ததும் அதில் ஓடியிருக்கிறது.

அதற்குத்தான் அந்தக் கறுப்பு வயர்கள். தொழிற்சாலையில் வேலை இருந்த காலத்தில், பகட்டுச் சாமான் எதுவும் வருவதற்கு முன்னால், டெஸ் முதன்முதலாகப் போட்டது அதுதான். சட்டத்தை நம்பாதே என்று ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக. அவன் செய்ததிலேயே உருப்படியானதைத் தண்டம் என்று வெட்டி எறிந்திருக்கிறேன்.

புதுசு வாங்கக் கடை இல்லை, ஞாயிறு. பழசைத் தேடினேன். புல்வெட்டியில் இல்லை, கோழிக்கூண்டில் இல்லை ("விலகி நில்லுங்கள்" — போடி!). கடைசியில் ஷெட் சுவரில், என் கண்ணுக்கு நேரே ஆணியில் தொங்கியது. அழகாகச் சுருட்டி, முனை சீவி, புது வளையம் வைத்துக் கட்டியிருந்தது. மேலே தூசி. மாதக்கணக்காக அங்கேதான் இருந்திருக்கிறது. கழற்றினதில் அதை மட்டும் அவன் எதிலும் மாட்டவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சாசேஜ் வந்து முகத்தை நக்கியது.

ஆமாம், சாசேஜ். எங்கள் வீட்டில் நாயைக் கட்டுவதே இல்லையே?

அக்டோபர் 5, ஞாயிறு

போர்ட் லிங்கன்! போய், வந்து, உயிரோடு, கோழியில்லாமல்!

முழு வழியும் நான்தான் முன்னால். விளக்கு நடுங்கவில்லை. திரும்பும் இடத்திலெல்லாம் கையை நீட்டிக் காட்டினேன், ராணி மாதிரி இருந்தது. டெஸ் உதவி வண்டியாக எங்கள் யூட் டிரக்கில் கடைசியாக வந்தான். வழியில் டீக்கு நிறுத்தினோம். கிளம்பும்போது ஷரினின் பைக் கிளம்பவில்லை. பையில் வைத்திருந்தாளே அந்தப் பொத்தான், அதற்குள் இருக்கும் காசளவு பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அத்தனை பெரிய வண்டி, உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் உள்ளே, ஒரு பொத்தானுக்காகச் செத்துக் கிடந்தது.

யூட்டிலிருந்து டெஸ் கோழியை எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். கண் இரண்டும் சிவப்பாக மின்னியது. ஷரின் கையில் கொடுத்தான்.

"உன் பைக்குக்கு யாருடி வயரிங் பண்ணினது?" என்று கேட்டாள் ஷரின்.

"நான்தான்" என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "எர்த் மட்டும் டெஸ்ஸோடது. அது இல்லாம இது ஒண்ணுமே இல்ல."

அவன் காது மறுபடி சிவந்தது. ஜூனில் பார்த்தது பொறாமை இல்லை, சொல்ல வந்ததை விழுங்கினது என்று இப்போது புரிகிறது.

அக்டோபர் 6, திங்கள்

காலை உணவின்போது கேட்டேன். "நாயை யாரு கட்டினது?"

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தான். "நான்தான். ஆனா பைக்கைத் தொட்டது சங்கிலி. நான் நாயைத்தான் தொட்டேன்."

"ஏமாத்துக்காரா! ஏப்ரனை எடுத்துட்டு வரேன் இரு."

"நான் வாயைத் தொறக்கவே இல்லையே. ஆறு மாசம், ப்ரோன்! சங்கிலியை எங்க வெக்கணும்னு மூணு நாள் கணக்குப் போட்டேன். நாய்க்கு ஒத்திகை வேற."

சிரித்துச் சிரித்து மூக்கில் தேநீர் ஏறிவிட்டது எனக்கு. லாமிங்டன் கடையில் அவன் நிற்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு. மறுக்கவில்லை. பூப்போட்டது அவனுக்கு நன்றாகவே இருக்கும்.

நவம்பர் 22, சனி

ஷெட்டில் எனக்கு நிற்க இடமில்லை. பெண்கள் அணியின் நாலு பைக்குகள் வரிசையில் நிற்கின்றன, எல்லாம் "எங்களுக்கும் அது மாதிரி எளிசாப் பண்ணிக்கொடு டெஸ்" என்று. மாட்டியே பழகினவன் இப்போது கழற்றிக்கொண்டிருக்கிறான். விசில் அடித்துக்கொண்டு. கழற்றினதெல்லாம் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. புல்வெட்டியில் இப்போது பாட்டு வருகிறது.

மார்ச் 27, வெள்ளி

ஃபே ஃபோன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மிக் போய் ஒரு வருடம், கிளப் வருகிறதா என்றாள். வருகிறோம் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த ஹாரன் இன்னும் இருக்கா?" என்றாள்.

நேரே ஷெட்டுக்குப் போய் நின்றேன். டெஸ் ஷரினின் பைக்குக்குள் தலையை விட்டிருந்தான்.

"டெஸ், எனக்கு ஒரு உதவி வேணும்" என்றேன்.

தலையை நிமிர்த்தியவன் டேங்கில் மடேரென்று இடித்துக்கொண்டான்.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று முழுக்க உட்கார்ந்து மாட்டினான். ஒரே ஒரு ரிலே, சாவி வழியாகக் கரண்டு, தனியாக ஒரு கறுப்பு வயர். நான் மூலையில் நாற்காலி போட்டுக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது.

அதே வேலியோரம் நிறுத்தினோம். மூடுபனி இருந்ததால் எல்லோரும் விளக்கை எரியவிட்டிருந்தோம். பாதிரியார் மௌனத்தைப் பற்றி இந்த முறை எதுவும் சொல்லவில்லை, என் பைக்கிலிருந்து நாலு அடி தள்ளியே நின்றார். ஃபே என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அமுக்கினேன். கடல் வரைக்கும் கேட்டிருக்கும். மரத்திலிருந்த காலாக் கிளிகள் மொத்தமும் திட்டிக்கொண்டே பறந்தன.

ஃபே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவை அமுக்கு கண்ணு. இடது காது அவனுக்கு ரொம்ப மந்தம்."

இன்னொரு தடவை அமுக்கினேன், ரொம்ப நேரம். டெஸ் ஹாரனைக் கவனிக்கவில்லை. குனிந்து என் ஹெட்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கொஞ்சம்கூட மங்கவில்லை.